எல்லா ரெய்டுக்கும் ஒரே பெண்

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கபடி மாஸ்டரும் அவரிடம் ஆடும் பெண்ணின் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் ஜவ்வு கிழிந்து அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"நான் கத்துக்குடுக்காம வுட்டிருந்தா உம் பொண்ணு இன்னும் நல்லா ஆடியிருக்கும்மா," என்றார் மாஸ்டர்.

அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"டீம்ல ஏழு புள்ளைங்க கீதுங்க. எல்லா ரெய்டுக்கும் உம் பொண்ணத்தான் அனுப்பிகினு இருந்தேன். பாயின்ட் வந்துகினே இருந்துச்சு, மத்ததுங்கள வளக்கவே இல்ல. அன்னிக்கு கால் வலிக்குதுன்னு சொல்லுச்சு. இன்னும் ஒரு தபா போய்ட்டு வான்னேன். முட்டி போச்சு."

பேருந்து திருக்கழுக்குன்றம் தாண்டியது.

"இனிமே ஆடவே கூடாதுன்ட்டாரு டாக்டரு," என்றார் அம்மா. "அவளாண்ட இன்னும் சொல்லல. நீங்க சொல்லிடுங்க மாஸ்டர்."

"என்னால ஆவாதும்மா. பெத்தவ நீ சொன்னா தாங்கிக்கும்."

"வலியோட ஆடாதடின்னு வூட்ல தெனம் சொன்னேன். கேட்டாளா? நீங்க சொன்னாத்தான் கேப்பா."

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் அம்மா முதலில் இறங்கினார். இறங்கலியா என்று கண்டக்டர் இரண்டு முறை கேட்ட பிறகே மாஸ்டர் எழுந்தார்.