இந்த வண்டிக்குத் தெற்கு ஆகாது

என் அக்கா செய்யும் நெத்திலி சம்பல் மிக நன்றாக இருக்கும். அங்கிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

சாந்தினி அக்காவுக்குத் தெற்கே ஜோகூரில் தாதி வேலை கிடைத்தது. திங்கட்கிழமை மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. ஈப்போ வீட்டில் மிஞ்சுவது நானும் அப்பாவும். இருவருக்கும் சோறு வடிக்கத் தெரியாது. ஆனாலும் அக்காவை நான் தடுக்கவில்லை. அவளுடைய புதுக் காரைத்தான் கொஞ்சம் தடுத்தேன்.

இஞ்சினுக்குக் காற்று போக ஒரு குழாய் உண்டு. புதுக் கார் பூசையில் எலுமிச்சையோடு கட்டிய மஞ்சள் துணியை அவிழ்த்து அதற்குள் திணித்தேன். கண்ட துணியைப் போட மனம் வரவில்லை.

சனிக்கிழமை அக்கா ஓட்டிப்போன கார் கோப்பேங் ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. பின்னால் மரம் ஏற்றிய ஒரு லோரி. அந்த லோரியின் பிரேக் நல்ல நிலையில் இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா வீட்டுக்கே திரும்பி வந்தாள். "எவ்ளோ மிதிச்சாலும் ஏற மாட்டேங்குதுடா தம்பி. இஞ்சின் லைட்டு வேற எரியுது. என்னான்னு பாரு லா."

நான் கல்லூரியில் வாகனப் பொறியியல் படிப்பவன். சோதனைக் கருவியைச் செருகினேன். காற்று போதவில்லை என்று அது ஒளிவுமறைவில்லாமல் சொன்னது.

"மெஷினுக்கே ஒன்னும் தெரியலக்கா."

"அப்ப இது திருஷ்டிதான்," என்றார் அப்பா. அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காரை ஊர்ந்து ஊர்ந்து பழைய ரப்பர்த் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குக் கொண்டுபோனோம். பூசாரி மாயாண்டி பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டு, "இந்த வண்டிக்குத் தெற்கு ஆகாதும்மா," என்றார்.

"அப்ப தாய்லாந்த சுத்தியா ஜோகூருக்குப் போறது, அண்ணே?" என்றாள் அக்கா.

பூசாரி புதிதாக இரண்டு மஞ்சள் துணிகளைக் கட்டினார். அக்காவும் அப்பாவும் பிரசாதம் வாங்கப் போன நேரத்தில் அவையும் குழாய்க்குள் போயின. அதன் பிறகு கார் கோயில் தெருவையே தாண்டவில்லை. எல்லாரும் தள்ளினோம். அதிகம் வியர்த்தது எனக்குத்தான்.

"பூசாரி கையி ராசியே ராசி," என்றாள் அக்கா. வீட்டுக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கார் இங்கயே கெடக்கட்டும். காலையில நான் பஸ்ஸுல போறேன்." ஒரு போத்தல் நிறையச் சம்பல் வைத்து என்னிடம் நீட்டினாள். "பட்டினி கெடக்காதடா. ஒரு வாரத்துக்கு வரும்."

ஒரு வாரம். அதற்குப் பிறகு நாங்கள் என்ன செய்வோம் என்று அவள் யோசிக்கவே இல்லை. பாசம் உள்ளவர்கள் யோசிக்க வேண்டும்.

அதனால்தான் இன்று காலை பேருந்து நிலையத்தில், ஜோகூர் பஸ்ஸின் பின்பக்க இஞ்சின் மூடியைத் திறந்து தோள்வரை கையை விட்டிருந்த என்னைப் பிடித்தீர்கள். பஸ்ஸுக்குக் குழாய் பெரிது. அப்பாவின் வேட்டி தேவைப்பட்டது. ஆம், நான்தான் செய்தேன், எல்லாவற்றையும்.

பஸ்ஸில் அக்காவைத் தவிர வேறு யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் அவர்களுக்கும் வீட்டில் தம்பிகள் இருப்பார்கள். அந்தத் தம்பிகளுக்காகவும்தான் செய்தேன். எனக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.