சூயஸைச் சுத்தி வந்த தண்ணிப் பீப்பா

ஓம் தம்பி, தேத்தண்ணி இருபது சதம்தான். என்னை ஏன் அப்பிடிப் பாக்கிறீர்? பாக்கிறதெண்டால் எகிப்துக்காரனைப் போய்ப் பாரும். கால்வாயை மூடினது நானில்லை.

இரும், இரும்... லாஞ்சி இன்னும் கடலிலை கண்ணுக்குத் தெரியேல்லை. நீர்தானே தபால்கந்தோருக்குப் புதிசா வந்த கிளாக்கர்? லீவெண்ட உடனை வீட்டை ஓடுறீர். நாளைக்கு எங்கடை கோயில் பெருநாள். ஊருலகமெல்லாம் நெடுந்தீவுக்கு வர, நீர் நெடுந்தீவை விட்டிட்டுப் போறீர். போம். எனக்கென்ன.

பெருநாளெண்டு சொல்லவே எனக்கு வயிறு எரியுது. விடிஞ்சால் லாஞ்சி லாஞ்சியாச் சனம் வந்து இறங்கும். இறங்கின கையோடை கேக்கிறது இந்த மாக்கிறேற்றின்ரை தேத்தண்ணியைத்தான். வருசத்திலை எனக்கு உழைப்பெண்டு இருக்கிறதே அந்த ஒரு நாள். அந்தப் பீப்பாவை ஒருக்காத் தட்டிப் பாரும். கேட்டுதோ? வெறும் பீப்பா. உமக்கு ஊத்தினது அடித்தண்ணி. முகத்தைச் சுழியாதையும், வடிச்சுத்தான் ஊத்தினனான்.

இஞ்சை துறையடிக் கிணத்துத் தண்ணி உப்பு, தம்பி. அதிலை தேத்தண்ணி போட்டால் பால் திரைஞ்சு போம். நல்ல தண்ணி மேற்கிலைதான் இருக்கு. அதைக் கொண்டு வாறது கந்தப்பு அண்ணையின்ரை வண்டில் ஒண்டுதான். அந்த மனுசன் இப்ப என்னோடை கோபம்... கோபமெண்டும் சொல்லேலாது. சிரிக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு.

கேளும். வைகாசிக் கடைசியிலை, சங்கக்கடை மனேச்சர் வீட்டு றேடியோவிலை சொன்னாங்கள். அங்கை ஏதோ சண்டையாம், சூயஸ் கால்வாய் மூடியாச்சாம், கப்பலெல்லாம் ஆபிரிக்காவைச் சுத்தித்தான் வரவேணுமாம். எனக்குப் புத்தி வேலை செய்யாதே? கப்பல் சுத்தி வந்தால் கூலி கூடும். கூலி கூடினால் மண்ணெண்ணெய் கூடும், மா கூடும், சீலை கூடும். எல்லாம் கூடேக்கை என்ரை தேத்தண்ணி மட்டும் பத்துச் சதத்திலை நிண்டால், நான் என்னத்தைத் திண்டு சீவிக்கிறது? அண்டு பின்னேரமே பதினைஞ்சாக்கிப் போட்டன்.

என்ன? மண்ணெண்ணெய் எப்ப ஏறினதோ? அது... அது பிறகுதான் ஏறினது. கனநாள் கழிச்சு. சங்கக்கடை எதுக்கும் பிந்தித்தான் விலை ஏத்தும், உமக்குத் தெரியாதே.

கந்தப்பு அண்ணை தேத்தண்ணியைக் குடிச்சார். பதினைஞ்சு சதத்தை வைச்சிட்டுப் போனார். அடுத்த முறை பீப்பாத் தண்ணிக்குக் கூடக் கேட்டார். ஏன் அண்ணை, உங்கடை கிணறும் எகிப்திலையோ இருக்கு எண்டு கேட்டன். தேத்தண்ணி விலை ஏறிப் போச்சாம், வெய்யிலுக்கை வண்டில் விடுறவன் குடியாமல் இருக்கேலாதாம். பிறகு இந்தப் பால்காரி ஆச்சிமுத்து. அவளின்ரை மாடு வெட்டையிலை சும்மா மேயுற மாடு. அதுக்கு எந்தக் கால்வாய் மூடினால் என்ன? அவளும் பால் விலையை ஏத்திப் போட்டாள். ஏனடி எண்டால், தண்ணி ஏறினால் பாலும் ஏறும் தானே அக்கா எண்டு சொல்லுறாள். சிரியாதையும். அவள் பாலுக்கை தண்ணி விடுறதை அவளின்ரை வாயாலையே ஒத்துக்கொண்டது அண்டைக்குத்தான்.

தண்ணியும் ஏறி, பாலும் ஏறினால் நான் என்ன செய்யிறது? இருபதாக்கினனான். அதுக்குத்தான் கந்தப்பு அண்ணை இப்ப விளையாட்டுக் காட்டுறார். போன கிழமையிலை இருந்து தண்ணி வாறது பொழுதுபட, அதுவும் அரைப் பீப்பா. கேட்டால், நேர்வழி ஒழுங்கை மூடிக் கிடக்காம், கரையாலை சுத்தித்தான் வரவேணுமாம். கரைப்பாதை கல்லும் குழியும், குலுங்கிக் குலுங்கிப் பாதித் தண்ணி வழியிலை போயிடுது. ஆர் அண்ணை மூடினது எண்டு கேட்டன்.

“றேடியோவிலை இன்னும் சொல்லேல்லை மாக்கிறேற். ஆனால் சுத்தி வந்தால் கூலி கூடும், கண்டியோ.”

என்ரை கதையை எனக்கே திருப்பிச் சொல்லுறார். நான் போய்ப் பாத்தன், தம்பி. ரெண்டு பக்கக் கல்வேலிக்கும் நடுவிலை ஒழுங்கை ஆவெண்டு திறந்து கிடக்கு, ஒரு ஆடு கூடக் குறுக்கை நிக்கேல்லை. என்னைப் பழைய விலைக்கு வரட்டாம், ஒழுங்கை தானாத் திறக்குமாம். நீங்கள் முதல் குறையுங்கோ எண்டன். நீதானே முதல் ஏத்தினனீ எண்டார். நானும் விடேல்லை. சூயஸ் திறக்கட்டும், அண்டைக்குக் குறைக்கிறன் எண்டு சொல்லிப் போட்டன்.

என்ன கேக்கிறீர்? இந்தத் தேத்தண்ணியிலை கப்பலிலை வந்தது எதுவோ? படிச்ச பிள்ளையின்ரை கேள்வி. தேயிலை... மலைநாட்டுத் தேயிலை. பால், அவள் ஆச்சிமுத்துவின்ரை. கடிக்கத் தந்த பனங்கட்டி எங்கடை வளவுப் பனை. அடுப்புக்கு மண்ணெண்ணெய்... மண்ணெண்ணெய் இல்லை, பனங்கொட்டை ஊமல்தான் போட்டு எரிக்கிறனான். ஆ, பேணி! நீர் பிடிச்சுக் கொண்டிருக்கிற எனாமல் பேணி கப்பலிலை வந்தது. என்ரை கலியாணத்துக்கு வாங்கினதுதான், அதுக்கென்ன? கப்பலிலை வந்தது வந்ததுதானே.

அந்தா, லாஞ்சி தெரியுது. ஓடாதையும், கயிறு கட்டி ஆக்களை இறக்க நேரம் எடுக்கும். பொறும்... அங்காலை, கல்வேலிக்கு மேலாலை, வண்டில் தெரியுதோ? கந்தப்பு அண்ணைதான். பீப்பா வாய்முட்ட வாறார் போலை. அந்தச் சந்தியிலைதான் ஒழுங்கையும் கரைப்பாதையும் பிரியிறது. பாத்தீரே, மாட்டை நிப்பாட்டிப் போட்டு இஞ்சை பாக்கிறார். கரையாலை சுத்தினாரெண்டால் நாளைக்கு அரைப் பீப்பாவோடை நான் பெருநாள் சனத்துக்கு என்னத்தை ஊத்திக் குடுக்கிறது?

மனுசன் சிரிக்கிறார். இஞ்சை நிக்கவே பல்லுத் தெரியுது.

கந்தப்பு அண்ணை! பத்துச் சதம்! பழைய விலைதான், ஒழுங்கையாலை வாங்கோ!

கேட்டீரோ, என்ன கத்துறாரெண்டு? சூயஸ் திறந்திட்டுதோவாம். ஓம் அண்ணை, திறந்திட்டுது, வாங்கோ, தண்ணியைச் சிந்தாமல் வாங்கோ... திரும்பிட்டார். அப்பாடா.

என்ன தம்பி, பத்துச் சதத்தை வைச்சிட்டு எழும்புறீர்? மற்றப் பத்தையும் வைச்சிட்டுப் போம். நீர் குடிக்கேக்கை கால்வாய் மூடித்தானே கிடந்தது.