ஒரு எழுத்துக்கு மட்டும் இடம்

திருத்தணியில் ஆர்.கே.பேட்டை பஸ் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன்சீட்டில் ஒரு தெலுங்குக்கார நெசவாளி. பக்கத்தில், பட்டணத்தில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் அவருடைய மச்சான்.

“நான் செத்துட்டேன்னு நெசவாளர் சங்கத்துக்கு நீ எழுதிக் குடுத்த மெஷின் சொல்லுதாமே. எனக்கு நூல் இல்லன்னு அனுப்பிட்டாங்க.”

“செத்தது வேற முனிரத்தினம், பாவா. ரெண்டு பேரும் கே.முனிரத்தினம்னு இருந்துச்சு. மெஷின் ஒரே ஆளுன்னு எடுத்துகிச்சு.”

“வூட்டுப் பேருக்கு ஒண்ணு, நைனா பேருக்கு ஒண்ணு. எனக்கு ரெண்டு எழுத்தாச்சே?”

“இனிஷியலுக்கு ஒரு எழுத்துதான் இடம் வெச்சேன்.”

“இன்னொண்ணு சேத்துடேன்.”

“பின்னால எழுதுனதெல்லாம் அந்த ஒரு எழுத்தை நம்பிக்கினு நிக்குது, பாவா. தொட்டா மொத்தமும் திருப்பி எழுதணும். மேல இருக்கறவங்க வேணாம்னுட்டாங்க.”

“நம்ம ஜனத்துக்கு ரெண்டு எழுத்துன்னு உனக்குமா தெரியாது?”

“பட்டணத்துல எல்லாருக்கும் ஒண்ணுதான். நானே இப்ப ஒண்ணுதான் போட்டுக்கறேன்.”

பஸ் கிளம்பி கே.ஜி.கண்டிகையைத் தாண்டியது. நெசவாளி சன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

“இதை உங்க அக்காகிட்ட நீயே சொல்லிடு. நான் நூல் எடுத்துகினு வரேன்னு தறியைத் தொடச்சு வெச்சுகினு உக்காந்திருக்கா.”