மேற்குச் சுவரை வீழ்த்திய ஜெபத்துக்கு நன்றி

முழங்கால்களையே படைக்கலன்களாக்கிய மூத்த வீராங்கனையே! பின்னத்தைக் கண்டு பின்வாங்கிய பிள்ளைகளையும் பெருக்கலில் பெயர் பெற வைத்த பெருந்தகையே! ஒலிபெருக்கி இல்லாமலே ஓதி, ஊரையே ஓர் ‘ஆமென்’ சொல்ல வைத்த உரத்த குரலின் உரிமையாளரே!

இவ்வளவு போதும். முகத்துக்கு நேரே இன்னும் இரண்டு வரி புகழ்ந்தால், இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் ஹெப்சிபா டீச்சர் எழுந்து போய்விடுவார். அவரைப் பற்றி அடுத்தவரிடம் சொல்வது போலச் சொன்னால், சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி அசையாமல் உட்கார்ந்து கேட்பார். ஆகவே, அவையோரே, இனி உங்களிடமே பேசுகிறோம்.

சோழவந்தானுக்கு மேற்கே, வெற்றிலைக் கொடிக்கால்களின் நடுவே நிற்கும் நம் மிஷன் நடுநிலைப்பள்ளியில் டீச்சர் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு நாளும் முதல் மணிக்கு அரைமணி நேரம் முன்பே வந்து, நூலக அறையில் முழங்காலிட்டார். அவர் ஜெபிக்கத் தொடங்கினால் வைகையில் மீன்கள் நீந்துவதை நிறுத்திக் கவனிக்கும். இந்த வட்டாரத்திலிருந்து இடமாறுதல் கேட்டுச் சாத்தான் ஏழு முறை விண்ணப்பித்ததாகவும், ஏழு முறையும் மேலிடம் தள்ளுபடி செய்ததாகவும் நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன.

ஆவிக்குரிய யுத்தம் என்பது டீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு அல்ல, அன்றாட வேலை. அதற்கென ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். இடப்பக்கம், யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவர்கள். வலப்பக்கம், எதை எதிர்த்து ஜெபிக்க வேண்டுமோ அவை. நாங்கள் எல்லோரும் இடப்பக்கத்தில் குடியிருந்தோம். வலப்பக்கத்தில் டெங்கு, தேர்வு பயம், தகப்பன்மாரின் குடி என்று வரிசையாக நிற்கும்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில், அந்த வலப்பக்கத்தில் ஒரு மனிதரின் பெயர் ஏறியது. சிவனாண்டி.

பள்ளியின் மேற்குச் சுவரை ஒட்டி அவருடைய கொடிக்கால். அதன் ஓரமாகத்தான் பிள்ளைகள் பஸ் நிறுத்தத்துக்கு நடப்பார்கள். திடீரென்று ஒருநாள் முள்ளை வெட்டிப் போட்டுப் பாதையை அடைத்துவிட்டார். பிள்ளைகள் மெயின் ரோட்டில், நெல் லாரிகளுக்கு இடுப்பு உயரத்தில், ஒற்றை வரிசையாகப் போக வேண்டியதாயிற்று. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பையை ஒரு லாரி உரசிவிட்டுப் போன அன்று, டீச்சர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஒரு பிள்ளை போய்விட்டால் என்ன ஜெபித்து என்ன ஆகும் என்றார். நோட்டை எடுத்தார். ‘லாரி’ என்று எழுதினார். அதற்குக் கீழே ‘சிவனாண்டி’ என்று எழுதினார்.

பிறகு எரிகோ நடை அறிவித்தார். வேதாகமத்தில் ஒரு படை எரிகோ பட்டணத்தின் மதிலைச் சுற்றி வந்தே வீழ்த்தியது போல, தடை நிற்கும் இடத்தை ஆறு நாள் ஒவ்வொரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று ஜெபித்தபடி சுற்றிவந்து, முடிவில் ஓங்கி ஆர்ப்பரிப்பது நம் சபையார் வழக்கம். வாய்க்கால் கரை வழியாகவும் பள்ளிச் சுவரோரமாகவும் கொடிக்காலைச் சுற்றி ஆசிரியர் படை நடந்தது. விளையாட்டு ஆசிரியர் இம்மானுவேல் சாருக்கு மட்டும் மனசு சரியில்லை.

“டீச்சர், மழையில ஊறி நம்ம சுவரு வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது. அங்கிட்டு வந்து சத்தம் போட வேணாம்.”

“சத்தத்துக்குச் சுவரு விழுமா சார்?”

“எரிகோவுல விழுந்துச்சுன்னு நேத்து நீங்கதான சொன்னீக.”

ஏழாம் நாள் சனிக்கிழமை. நல்லவேளை, பிள்ளைகள் இல்லை. ஏழாவது சுற்று முடிந்ததும் டீச்சர் ஆர்ப்பரித்தார். அந்த ஒலியில் திருமங்கலம் வரை தேநீர்க் கடைகளில் கண்ணாடித் தம்ளர்கள் அதிர்ந்தன. சொல்லி வைத்தது போல எங்கள் மேற்குச் சுவர், நாற்பதடி நீளம், கொடிக்காலுக்குள் படுத்துவிட்டது. நான்கு வரிசைக் கொடிகள் அதன் அடியில்.

சிவனாண்டி வந்து நின்றார்.

“ஏழு நாளாச் சுத்திச் சுத்தி வந்தீக. கும்புடுறாக, கும்புட்டுப் போறாகன்னு இருந்தேன். இதுக்குத்தானா?”

டீச்சர் மழையின்மேல் பழியைப் போட்டிருக்கலாம். போடவில்லை. நோட்டை விரித்து அவர் கையில் கொடுத்தார்.

“அண்ணே, உங்களை எதுத்துத்தான் ஜெபிச்சேன். மறைக்க மாட்டேன்.”

சிவனாண்டி விரல் வைத்துப் படித்தார். “டெங்கு, குடி, லாரி… லாரிக்குக் கீழ நானா? அம்புட்டுப் பெரிய ஆளா டீச்சர் நானு?”

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் அப்போதுதான், ஏழு நாள் தாமதமாக, ஏன் பாதையை அடைத்தீர்கள் என்று கேட்டார்.

“எம்மக ரோகிணி மதுரை பெரியாஸ்பத்திரியில கிடக்கு. ஆறு மாசந்தான் முடிஞ்சிருக்கு, பிள்ளை தங்குமான்னு தெரியல. நானும் வீட்டுக்காரியும் மாத்தி மாத்தி அங்கதான் இருக்கோம். காவலுக்கு ஆளில்ல, பயலுக கொடியைப் பிச்சுப்புட்டுப் போறானுக. அதான் அடைச்சேன்.”

டீச்சர் அங்கேயே, செங்கல் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஏழு நாளும் யாரோடு போராடினோம் என்பது அவருக்கு விளங்கிற்று. வலப்பக்கத்துப் பெயரை அடித்தார். இடப்பக்கத்தில் எழுதினார்: சிவனாண்டி. ரோகிணி. பிள்ளை.

“நான் ஜெபிக்கலாமாண்ணே?”

“உங்க சாமிகிட்ட நீங்க சொல்லுங்க. எங்க சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். எந்தச் சாமி கேட்டாலும் எனக்குச் சரிதான்.”

அன்று முதல் நூலக அறையில் இடி முழக்கம் நின்றது. உதடு மட்டும் அசையும். சத்தமில்லாத அந்த ஜெபத்தைக் கேட்டுத்தான் நாங்கள் உண்மையிலேயே பயந்தோம். சனிக்கிழமைகளில் ஆசிரியர்கள் எல்லோரும் செங்கல் சுமந்தோம்; புதுக் கொடி நட்டோம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார். பாதை என்ற சொல்லை ஒருமுறைகூட எடுக்கவில்லை. குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்த குழந்தை ஐம்பத்தொன்றாம் நாள் வீடு திரும்பியது. நன்றியை மருத்துவர்களுக்கும் ஆண்டவருக்கும் பிரித்துக் கொடுத்த டீச்சர், தமக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை.

சுவரைக் கட்டக் கொத்தனார் வந்த அன்று சிவனாண்டியே வந்தார்.

“அந்த எடத்துல ஒரு கதவு வச்சிருங்க டீச்சர். பிள்ளைக இப்பிடியே போகட்டும். எம்பேத்தியும் நாளைக்கி இந்த வழிதான வரணும்.”

அந்தப் பேத்தி சத்யப்ரியா இன்று இரண்டாம் வகுப்பு. அந்தக் கதவு வழியாகத்தான் வருகிறாள். கணக்கில் புலி என்று சொல்வோம், பொய்யென்று நிரூபிக்க யாரும் துணியவில்லை.

இன்று காலை டீச்சர் அந்த நோட்டை எங்களிடம் ஒப்படைத்தார். வலப்பக்கத்தில் அதன்பின் மனிதர் பெயர் ஒன்றுகூட இல்லை. கடைசி வரி, ‘ஹெப்சிபாவின் அவசரம்’. இடப்பக்கத்தைப் புரட்டினோம். எங்கள் அனைவர் பெயரும் இருந்தது. எத்தனை தேடியும் அவர் பெயர் மட்டும் இல்லை. முதல் வரியாக அதை எழுதப் பேனாவைத் திறந்தபோது, வெற்றிலைக் கட்டோடு வந்து நின்ற சிவனாண்டி அண்ணன் நோட்டை வாங்கிக்கொண்டார். மெதுவாக எழுதினார்: ‘ஹெப்சிபா டீச்சர். முட்டு வலி தீரணும்.’

நாங்கள் அதற்கு மேல் வேண்டுவதற்கு ஒன்றுமில்லை. அந்த முழங்கால்கள் நூறாண்டு மடங்கி நிமிரட்டும்; நாளை முதல் காலை எட்டரைக்கு நூலக அறையில் நாங்கள் இருப்போம்.

நன்றி மறவாத ஆசிரியர்கள், அலுவலர்கள், மேற்குக் கதவு வழி வரும் மாணவர்கள்.

(மடல் வரைந்தவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கிருபாகரன். மீன்களும் தம்ளர்களும் அவர் பொறுப்பு, மற்றவை நடந்தவை.)