கீழ்க்குமிழிக் காட்சி

என் கையெழுத்து தெளிவாக இருக்கும், அய்யா. ஸ்டேஷன் ரைட்டருக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் தாளையும் பேனாவையும் நானே கேட்டு வாங்கினேன். பெயர் சாம்பசிவம். மன்னார்குடியில் மனு எழுதித் தரும் கடை வைத்திருக்கிறேன், டைப்பிங்கும் உண்டு.

முதலில் ரகுராமன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் நிலபுலத்தோடு இருந்த குடும்பம்; இப்போது அமெரிக்காவில் டாக்டர். டெல்டாவைப் பற்றி எடுக்கும் ஒரு சின்னப் படத்துக்குப் பணம் போடுவதாக அறிவித்தார். ஒரே நிபந்தனை, கதை வேறெங்கும் பார்த்ததாக இருக்கக் கூடாது.

ஊரில் இத்தனை கலைஞர்கள் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லாருடைய கதையும் என் கடையில்தான் டைப் ஆயிற்று. பனி கொட்டும் நாட்டில் நடந்த படத்தைத் தூக்கிவந்து, பனிக்குப் பதிலாக வேதாரண்யத்து உப்பைக் கொட்டியிருந்தான் ஒருவன். இன்னொருவன் கதையில் ஒரு கிழவர் மாட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மாடு திரும்பிப் பார்த்தால் இடைவேளை. விருது வாங்கிய படங்களில் யாரும் பேசுவதில்லையாம். அதனால் இவர்களும் யாரையும் பேசவிடவில்லை. பேசவிட்டால் எழுத வேண்டுமே.

என் கதை அப்படியல்ல. பல வருட உழைப்பு. நேர்மையான ஒரு எழுத்தர், நன்றி கெட்ட ஊர். ரகுராமன் சார் போனில், "நன்னா எழுதியிருக்கேள். ஆனா எங்கேயோ பாத்த மாதிரியே இருக்கு" என்றார். எங்கே என்று கேட்டேன்.

"எல்லா எடத்துலயும்" என்று சிரித்தார்.

அவர் தேர்ந்தெடுத்தது இளம்பரிதியை. அடுத்த கடையில் ஸ்டுடியோ வைத்திருந்தவன். கல்யாண வீடியோவில் மணப்பெண்ணைத் தாமரைக்குள்ளிருந்து எழுப்பிக் காட்டியே பிழைத்தவன். அவன் கதை இதுதான். வடிகாலைக் கடக்கும் இடத்தில் வாய்க்கால் தண்ணீர் அதற்கு அடியில் ஒரு குழாய் வழியாகப் போகும்; அதைக் கீழ்க்குமிழி என்போம். நடுவில் தாழ்ந்து இரண்டு முனையிலும் மேலேறியிருக்கும். வாய்க்கால் காய்ந்திருக்கையில் தம்பிக்காரன் அதில் இறங்கி வண்டல் அள்ளப் போகிறான். "தண்ணி நாளைக்குத்தான் தம்பி, நீ உள்ள போ" என்கிறான் வயல் தகராறில் இருக்கும் அண்ணன். பிறகு மதகைத் திறந்துவிடுகிறான்.

டைப் அடிக்கும்போதே சொன்னேன். "சினிமாத்தனமா இருக்கு இளம்பரிதி. எவன் இப்படிச் செய்வான்?"

"எவனும் செய்யமாட்டாண்ணே. அதனாலதான் கதை. நீங்க வேணா மனுவா எழுதிப் பாருங்க. மேற்படி தம்பியை மேற்படி தண்ணீரில்னு."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வருத்தமில்லை.

பணம் தருவதற்கு முன்னால் ஒரு காட்சியை மாதிரிக்கு எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார் ரகுராமன் சார். கீழ்க்குமிழிக் காட்சியைத்தான் எடுப்பேன் என்றான் இளம்பரிதி. பாமணி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது; வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் முறை மறுநாள். அதற்குள் எடுத்தாக வேண்டும். மதகுக் கதவைத் திருகும் இரும்புச் சாவி அதைத் திறந்து மூடும் லஸ்கர் சிங்காரவேலுவிடம் இருக்கும். அவர் வீட்டு மனு எல்லாம் நான் எழுதியது. "சாவிய மட்டும் வாங்கிக் குடுங்கண்ணே, ஒரு குளோசப் போதும்" என்றான். வாங்கிக் கொடுத்தேன். கூடவே போனேன்.

குளோசப்பை முடித்துச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, காமிராவோடு குழாய் வாயில் குந்தியபடி நிமிர்ந்து பார்த்தான்.

"முறை நாள நல்லா விசாரிச்சீங்களாண்ணே?"

"தண்ணி நாளைக்குத்தான் தம்பி, நீ உள்ள போ" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

"டயலாக் சுத்தமா வருதுண்ணே" என்று சிரித்துக்கொண்டே தவழ்ந்து போனான். எதற்குச் சிரித்தான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மதகு கூப்பிடு தூரம். சாவியை மாட்டிக் கதவை முழுக்க ஏற்றினேன். ஒரே ஒரு முறை "அண்ணே" என்று கேட்டது. அவன் கதையில் தம்பி கத்திக்கொண்டே இருப்பான். அது மிகை என்று அப்போதே ஓரத்தில் குறித்துக் கொடுத்திருந்தேன், திருத்தவில்லை. குழாயின் மறுமுனையில் அவனுடைய செருப்பு ஒன்று மிதந்து வந்த பிறகு கதவை இறக்கினேன். சாவியைத் துடைத்துச் சிங்காரவேலு வீட்டில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனேன். ஒரு சாதிச் சான்றிதழ் மனு பாக்கி இருந்தது.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். நன்றாக யோசித்துவிட்டே எழுதுகிறேன். இளம்பரிதியைக் கொன்றது நான்தான், அதை மறுக்கவில்லை. குற்றப்பத்திரிகையில் எது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், காப்பியடித்தேன் என்று மட்டும் வரக் கூடாது. ரகுராமன் சாருக்கும் தயவுசெய்து தெரிவியுங்கள். இதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முழுக்க என் சொந்தக் கற்பனை.