கடைசியிலிருந்து ரெண்டாவது

இல்லக்கா, பார்க்குல புள்ளைங்க கால்ல சக்கரத்தை மாட்டிக்கிட்டு ஓட்டுதே, அது வேற. அது பொழுதுபோக்கு. நான் சொல்றது பந்தயம். வளைவுல சாயும்போது கை தரையைத் தொடும், அவ்ளோ வேகம். விழுந்தா தோலு உரிஞ்சு தரையிலயே ஒட்டிக்கும். வெளிநாட்டுக்காரிங்க எல்லாம் ஆரம்பக் கோட்டுல நம்ம கொலம்பியா சட்டையப் பார்த்தாலே, சரி, இனி ரெண்டாவது எடம் யாருக்குன்னுதான் யோசிப்பாளுங்க.

நானா? நான் உலக சாம்பியன்கா. சிரிங்க, பரவாயில்ல. எங்க ஊரு பல்மீராவுல நான் வேலை பார்க்குற மருந்துக்கடை முதலாளிக்கே தெரியாது.

மொத தடவை தைவான்ல ஜெயிச்சுட்டு வர்றோம். பொகோட்டா ஏர்போர்ட்டு வெளிய அப்படியொரு கூட்டம். கொடி, மேளம், சத்தம். எங்க மாஸ்டர், எவெலியோன்னு பேரு, பொடிசுல இருந்து என்னை ஓட வெச்சவரு, பாவம், அவசர அவசரமா தலைய வாரிக்கிட்டாரு. கூட்டம் யாருக்குன்றீங்க? ஃபுட்பால்காரங்களுக்கு. காலிறுதியில தோத்துட்டு எங்க ஃபிளைட்டுலயே வந்திருக்காங்க. டிவிக்காரன் ஒருத்தன் நேரா என்கிட்ட வந்தான். மைக்கை நீட்டுவான்னு பார்த்தா, கொஞ்சம் ஒதுங்கும்மா, படத்துல நீ விழுறன்னான். கழுத்துல தங்கம் தொங்குதுக்கா. ஒதுங்கி நின்னேன்.

ஏன்னா ஒலிம்பிக்ஸ்ல இல்லியே. அதுல இல்லாத விளையாட்டு நம்மாளுங்களுக்கு விளையாட்டே இல்ல. இந்தா சேர்க்குறோம், அந்தா சேர்க்குறோம்னு நான் பொறந்ததுலேருந்து சொல்றாங்க. ஒருவாட்டி சின்னப் பசங்க ஒலிம்பிக்ஸ்ல சேர்த்தாங்க. நம்ம புள்ளைங்க தங்கத்தோட வந்துச்சுங்க. அடுத்த வாட்டி ஆளைக் காணோம். பலகையில சக்கரத்தை மாட்டிக்கிட்டுக் குதிக்கிறாங்களே, அது உள்ள போயிடுச்சு. தரையில தலைய ஊனிச் சுத்தி டான்ஸ் ஆடுவாங்களே, அதுகூட ஒருதடவை போயிட்டு வந்துடுச்சு. நம்மளுது மட்டும் வாசல்லயே நிக்குது.

யுரானின்னு ஒருத்தி. என்கூட ஓடினவ. ஒரே அறையில படுத்தோம், ஒரே தட்டுல தின்னோம். ஒருநாளும் என்னை ஜெயிச்சதில்ல. அவ ஒருநாள் சக்கரத்தைக் கழட்டி வெச்சுட்டு ஹாலந்துக்குப் போயிட்டா. அங்க ஐஸ் மேல, கால்ல இரும்புத் தகடு மாட்டிக்கிட்டு ஓடுவாங்க. அது குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல இருக்குல்ல. கொஞ்ச வருஷத்துல நம்ம கொடியத் தூக்கிட்டு அந்த ஒலிம்பிக்ஸுக்கே போயிட்டா. எத்தனாவதா வந்தாங்கறீங்க? கடைசியிலிருந்து ரெண்டாவது.

ஊருக்கு வந்தப்போ தீயணைப்பு வண்டி மேல ஏத்தி ஊர்வலம்கா. பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு. மேயர் கட்டிப்புடிச்சு அழுவுறாரு. மாஸ்டரும் நானும் பேக்கரி வாசல்ல நின்னு பார்த்தோம். வண்டி திரும்பினப்புறம் மெதுவா கேட்டாரு, நீயும் போயிடுவியான்னு. காலை வெட்டிப் போட்டுட்டு வேணா போவேன்னேன். மனுஷன் அன்னிக்கு சிரிச்ச மாதிரி நான் பார்த்ததே இல்ல.

மறுநாள் அவ ட்ராக்குக்கு வந்தா. எல்லாம் ஓடிப்போயி போட்டோ புடிக்குதுங்க. என்னைக் கட்டிக்க வந்தா. துரோகின்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன். அவ கோவப்படல. நீ என்னைவிட வேகம்டி, உன்னை யாருக்குத் தெரியும்? அவ்ளோதான் கேட்டா.

போன மாசம் நான் மறுபடி ஜெயிச்சேன். ஆமாக்கா, உலகத்துலதான். பேப்பர்ல வந்திருக்காது, தேடாதீங்க. மாஸ்டர் மேயர் ஆபீஸுக்குப் போனாரு. ட்ராக்குல ஒரு ஓரம் பேந்துக்கிட்டு வருது, அதை சரி பண்ணித் தாங்க, எங்க புள்ள உலக சாம்பியன்னு சொல்ல. காலையிலேருந்து பெஞ்சுல உட்கார வெச்சுட்டாங்க. அவருக்கு முழங்கால் வேற மடங்காது. சாயங்காலம் ஒருத்தன் எட்டிப் பார்த்து, யாரு, யுரானியோட மாஸ்டரான்னு கேட்டிருக்கான்.

ஆமான்னுட்டாரு.

அப்புறம்தான் உள்ள விட்டாங்களாம். காபி குடுத்தாங்களாம். ட்ராக்கை சரி பண்றாங்களாம். என்கிட்ட வந்து சொல்லும்போது என் மூஞ்சியப் பார்க்கல. கீழ குனிஞ்சு, ட்ராக்குல பிஞ்சு கிடந்த ஒரு சில்லைப் பேத்துக்கிட்டே சொன்னாரு. நானும் நல்லது மாஸ்டர்னேன்.

பொகோட்டாவுல சொந்தக்காரங்க யாருமில்லக்கா. பஸ்ஸை விட்டு எறங்கி நேரா ஏர்போர்ட்டுக்குப் போறேன். ம், ஹாலந்துதான். யுரானிதான் கூப்பிட்டுக்க வர்றா. நானேதான் போன் பண்ணினேன். துரோகி பேசுறேன்னு ஆரம்பிச்சேன். எப்ப வர்றன்னு மட்டும் கேட்டா.

ஐஸா? லூலோ பழ ஜூஸ்ல போடுவாங்களே, அதைத்தான் பார்த்திருக்கேன்.

மாஸ்டர்கிட்டயா? டவுன்ல பல்லு பிடுங்கப் போறேன்னு சொல்லியிருக்கேன். வலிக்காதும்மா, கண்ணை மூடிக்கோன்னாரு.