முன்வரிசை இல்லாத முற்றம்

வட்டத்தில் முன்வரிசை எங்கே என்று தேடி, அந்த வட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்த மூடன் நான்! இந்த வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டே, அவைத் தலைவர் உருத்திரமூர்த்தி அவர்களே, ஆன்று அவிந்து அடங்கிய சான்றோரே, வெயிலையும் மெத்ரோ ரயில் நெரிசலையும் வென்று வந்த தாய்மாரே, பின்வரிசையில் வடைக்காகக் காத்திருக்கும் வாலிபரே, உங்களை வணங்குகிறேன்!

சிரியுங்கள். ஏதோ சடங்காக்கும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு என் பின்னால் நம் சங்கத்தாரும் சுற்றினார்களே, அதற்கும் சிரியுங்கள்! ஓம் அன்டன், உம்மைத்தான் சொல்லுறன்.

பல்கலைக்கழகப் புல்வெளி, கோடைதோறும் நம் கலைவிழா மேடை எழும் இடம். அங்கே திறந்தவெளியில் தங்களுக்கொரு கூடல் முற்றம் வேண்டும் என்றார்கள் பூர்வகுடி மாணவர்கள். "தமிழர் சம்மதித்தால் தருகிறோம்" என்றது நிர்வாகம். யார் மண்ணை யார் யாருக்குத் தருவது? கேட்டேனா நான்? கேட்கவில்லை! மேடை போகுமே, மைக் போகுமே, மாலை போகுமே என்று மறுப்புச் சொல்லத்தான் மார்தட்டிப் போனேன்.

அங்கே கற்களை அடுக்கி மாதிரி வட்டம் போட்டிருந்தார் லோரா. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து படிக்க வரும் மோஹாக் குடிப் பெண். நான் சுற்றுவதைப் பார்த்து அவர் ஏதோ சொல்ல, கூடப் படிக்கும் என் மகள் நிருஷா மொழிபெயர்த்தாள்: "அப்பா, எங்க இருந்தாலும் முன்வரிசைதானாம். மானம் போகுது, இருங்கோ!"

இருந்தேன். "உள்ளே பெரிய அறை இருக்கிறதே, போதாதா?" என்றேன்.

"உள்ளே மூலிகைப் புகை போட்டால் தீ எச்சரிக்கை மணி அலறுகிறது" என்றார் லோரா. "வழிபாடு பாதியில் நிற்கிறது. கட்டடமே வெளியே ஓடுகிறது."

அவையோரே! அஹுன்ட்சிக்கில் என் வீட்டில் வெள்ளிதோறும் சாம்பிராணி போடுவது யார்? என் மனைவி ஜெகதீஸ்வரி. மணி அலற, கதிரையில் ஏறிப் புகை கலையத் துவாய் வீசுவது யார்? அடியேன்! "பலமா வீசுங்கோ, தீயணைப்புக்காரர் வரப்போறாங்கள்!" என்று அவள் கத்தாத வெள்ளி உண்டா? வாடகை வீட்டில் நான் வீசலாம். சொந்த மண்ணில் அவர்களுமா வீச வேண்டும்? வேண்டுமா? தாய்மார் பக்கம் 'வேண்டாம்' என்கிறது. நன்றி, தாய்மாரே!

அங்கேயே எழுந்தேன். "மேடை வேண்டாம், முற்றம் எழட்டும்!" என்றேன். எழுந்துவிட்டது! கூரையில்லை, மணியில்லை, வானமுண்டு, வட்டமுண்டு! உயர்ந்தவருக்கென்று ஓர் இருக்கையில்லை, ஒதுக்கப்பட்டவருக்கென்று ஓர் ஓரமில்லை! நம் விழா? இந்த மண்டபத்துக்குள் வந்து வியர்க்கிறோம். வியர்ப்போம்!

ஞாயிறு திறப்புவிழா. லோரா அழைக்கிறார், எல்லோரும் வாருங்கள். எல்லாக் கல்லும் சமம், எதிலும் அமருங்கள். இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்த உங்களுக்கு நன்றி கூறி, வணங்கி விடைபெறுகிறேன்.

ஒன்று மட்டும். முற்றத்து வாசலுக்கு நேர் எதிரே உள்ள கல்லில் தயவுசெய்து யாரும் இருக்க வேண்டாம். படம் எடுப்பவர் வாசலில்தான் நிற்பார். அது எனக்கு.